பிப்ரவரி 9, மூன்று மணி: ராப்டர்ஸ் தள்ளிப்போட்ட முடிவு

2023 பிப்ரவரி 9, வியாழக்கிழமை. கிழக்கு நேரப்படி பிற்பகல் 3 மணியோடு வட அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் ட்ரேட் டெட்லைன் முடிகிறது. அதற்கப்புறம் அந்த சீசன் முடியும்வரை அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ள முடியாது. அன்று டொராண்டோ ராப்டர்ஸின் கணக்கு 26 வெற்றி, 30 தோல்வி. நான்கு வருடத்துக்கு முன் கோப்பை வென்ற அணி, கிழக்குப் பிரிவில் ப்ளே-இன் (பிளேஆஃப் எனும் கோப்பைச் சுற்றுகளின் கடைசி இடங்களுக்கான தகுதி ஆட்டம்) வரிசையின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜனவரி முழுக்க அந்த நகரத்தில் ஒரே பேச்சுதான். வீரர்களை விற்றுவிட்டு இளையவர்களோடு புதிதாகத் தொடங்குவதா, இன்னும் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு போராடுவதா, இல்லை அப்படியே விட்டுவிடுவதா? டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதித் தமிழ் வீடுகளில்கூட அப்பா ஒரு கட்சி, மகன் ஒரு கட்சி என்று பிரிந்து வாதாடிய மாதம் அது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிர்வாகம் அன்று யாரை வாங்கியது என்பதைவிட, தான் எந்தத் திசையில் போகிறோம் என்று முடிவு செய்யாமலே வாங்கியதுதான் பெரிய தவறு. அடுத்த பதினோரு மாதத்தில் நடந்த எல்லாமே அந்த ஒத்திவைப்பிலிருந்து வந்தவை.

எப்படி இந்த நிலைக்கு வந்தார்கள்

2018 ஜூலையில் ராப்டர்ஸின் அப்போதைய நிர்வாகத் தலைவர் மசாய் உஜிரி டிமார் டிரோசனையும் யாக்கோப் போல்டிலையும் ஒரு முதல் சுற்று பிக்கையும் (டிராஃப்ட் எனும் ஆண்டுத் தேர்வில் ஒரு புது வீரரை எடுக்கும் உரிமை) சான் அன்டோனியோவுக்குக் கொடுத்து, கவாய் லெனார்டையும் டேனி கிரீனையும் வாங்கினார். அடுத்த பிப்ரவரி டெட்லைனில் மார்க் கசோல் வந்தார். 2019 ஜூனில் கோப்பை வந்தது. ஜூலையில் லெனார்ட் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார். மிச்சமிருந்தவர்கள் அடுத்த சீசனில் 53-19 என்று ஆடிக் காட்டியது என்பிஏ வரலாற்றிலேயே அபூர்வமான விஷயம். அதன்பின் கொரோனா. கனடா எல்லைக் கட்டுப்பாடுகளால் 2020-21 சீசனை அணி ஃப்ளோரிடாவின் டாம்பாவில் ஆட வேண்டியதாயிற்று. 27-45 என்று சரிந்தார்கள். அந்தச் சரிவில் கிடைத்த நான்காவது பிக்தான் ஸ்காட்டி பார்ன்ஸ்.

பார்ன்ஸின் முதல் ஆண்டில் அணி 48-34. அவருக்குச் சிறந்த புதுமுகம் விருது. பாஸ்கல் சியாக்கமுக்கு, சீசனின் சிறந்த வீரர்களுக்கான ஆல்-என்பிஏ மூன்றாம் அணியில் இடம். முதல் சுற்றில் ஃபிலடெல்பியாவிடம் 4-2 என்று தோற்றாலும், எல்லோர் மனதிலும் ஏறுமுகம் என்ற நம்பிக்கைதான் இருந்தது. ஆகவே 2022 கோடையில் பெரிதாக எதையும் மாற்றவில்லை. 2022-23இல் வந்த அதிர்ச்சிக்கு அந்த நம்பிக்கைதான் அளவுகோல்.

ஆட்டத்தில் என்ன கோளாறு? அந்த அணியில் ஆறடி ஏழு அங்குலம் முதல் ஆறடி ஒன்பது அங்குலம் வரை உயரமுள்ள, கை நீண்ட வீரர்கள் நிறைய பேர். பந்தைப் பறித்து ஓடுவதும், தவறிய ஷாட்டை மறுபடி எடுத்துப் போடுவதும்தான் பயிற்சியாளர் நிக் நர்ஸின் வழி. எதிரணி நிதானமாக நின்று தடுக்கும்போது ராப்டர்ஸுக்கு வழி தெரியவில்லை. மூன்று புள்ளி ஷாட்டில் லீகின் அடிவரிசையில் இருந்தார்கள். கூடைக்குக் கீழே நின்று காக்க நிலையான செண்டர் இல்லை. இரண்டாம் சுற்றில் வந்த புதுமுகம் கிறிஸ்டியன் கொலோக்கோ பல ஆட்டங்களில் அந்த இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. சியாக்கம் டிசம்பரில் நியூயார்க்கில் 52 புள்ளி அடித்த மாதிரியான இரவுகள் இருந்தன. ஆனால் ஒரு மனிதர் அப்படி ஆடினால்தான் ஜெயிக்க முடியும் என்ற நிலை நல்ல அறிகுறி இல்லை.

ஒப்பந்தங்களின் வரிசை

ரசிகர்களின் வாதத்தில் அதிகம் பேசப்பட்டது ஆட்டம். குறைவாகப் பேசப்பட்டது தேதிகள். என்னைக் கேட்டால் இந்த நிகழ்வின் மையமே அந்தத் தேதிகள்தான்.

ஃப்ரெட் வான்விளீட் 2023 கோடையில் தன் கடைசி வருட விருப்ப உரிமையை விட்டுவிட்டு ஃப்ரீ ஏஜென்ட் (எந்த அணியோடும் ஒப்பந்தம் போடக்கூடியவர்) ஆகலாம். கேரி ட்ரென்ட் ஜூனியரும் அப்படியே. சியாக்கமின் ஒப்பந்தம் 2024 கோடையில் முடிகிறது. ஓஜி அனுனோபியும் அதே கோடையில் வெளியேறலாம். அதாவது முதல் ஐவரில் நால்வர், பதினெட்டு மாதத்துக்குள், ஒருவர்பின் ஒருவராகக் கையை விட்டுப் போகக்கூடியவர்கள். எல்லோரும் பெரிய சம்பள உயர்வுக்குத் தகுதியானவர்கள். எல்லோருக்கும் அந்த உயர்வைக் கொடுத்தால், பாதி ஆட்டங்களில் தோற்கும் ஓர் அணிக்கு லீகின் உச்சபட்சச் செலவு.

இங்கே ஒரு விதியைப் புரிந்துகொள்ள வேண்டும். என்பிஏவில் சம்பள வரம்பைத் தாண்டிய அணிகூடத் தன் சொந்த வீரரோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாம்; அதற்கு விலக்கு உண்டு. ஆனால் அவர் போய்விட்டால், அவருடைய சம்பளம் அப்படியே வெளியாளுக்கான காலி இடமாக மாறிவிடாது. வரம்பை ஒட்டி நிற்கும் அணி ஒரு நட்சத்திரத்தை இழந்தால், அதே அளவு பணம் கொடுத்து இன்னொருவரைச் சந்தையில் எடுக்க முடியாது. ஆகவே ஒப்பந்தம் முடியப்போகிற வீரரை டெட்லைன் தாண்டி வைத்துக்கொள்வது என்பது, அவரோடு ஒப்பந்தம் போட்டே தீருவோம் என்ற உறுதி இருந்தால் மட்டுமே செய்யக்கூடிய காரியம்.

விலையும் தேதியோடு சேர்ந்தே இறங்கும். வாங்கும் அணிக்கு ஒரு வீரரின் ஒன்றரை சீசன் கிடைத்தால் ஒரு விலை. ஐந்து மாதம் மட்டும் கிடைத்தால் வேறு விலை. பிளேஆஃப் இரண்டு முறை என்பது ஒரு முறையாகச் சுருங்குகிறது. அவர் போய்விடுவாரோ என்ற பயம் வாங்குபவருக்கும் வருகிறது.

வாதங்கள்

விற்கச் சொன்னவர்களுக்கு இரண்டு ஆயுதங்கள் இருந்தன. ஒன்று சந்தை நிலவரம். 2022 கோடையில் ரூடி கோபேருக்காக மினசோட்டா நான்கு முதல் சுற்று பிக்குகளும் வீரர்கள் பலரும் கொடுத்திருந்தது. டெட்லைன் வாரத்திலேயே கெவின் டுராண்டுக்காக ஃபீனிக்ஸ் நான்கு முதல் சுற்று பிக்குகளோடு மைக்கல் பிரிட்ஜஸையும் கேம் ஜான்சனையும் புரூக்ளினுக்குத் தந்தது. அனுனோபி மாதிரி ஒரு தடுப்பாட்டக்காரருக்கு நியூயார்க் உட்பட சில அணிகள் பல முதல் சுற்று பிக்குகள் வரை பேசின என்று அந்த வாரச் செய்திகள் சொல்லின. விலை இவ்வளவு ஏறியிருக்கும்போது விற்காமல் எப்போது விற்பது?

இரண்டாவது ஆயுதம் விக்டர் வெம்பன்யாமா. பிரான்ஸிலிருந்து வரும் அந்த இளைஞர் 2023 டிராஃப்டின் முதல் பிக் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வேண்டுமென்றே தோற்று, டிராஃப்டின் முதல் இடங்கள் யாருக்கு என்று குலுக்கிப் பார்க்கும் லாட்டரியில் வாய்ப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

இந்த இரண்டாவது வாதத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அன்று அதைச் செய்தவர்கள் குறைவு. லாட்டரியில் கடைசி மூன்று இடத்தில் இருக்கும் அணிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 14 சதவீத வாய்ப்பு. அந்த சீசனின் முடிவில் கடைசி மூன்று அணிகள் டெட்ராய்ட் (17 வெற்றி), ஹூஸ்டன் (22), சான் அன்டோனியோ (22). ராப்டர்ஸ் பிப்ரவரி 9 அன்றே 26 ஆட்டம் ஜெயித்துவிட்டார்கள். மிச்சமிருந்த 26 ஆட்டத்திலும் தோற்றிருந்தால்கூடக் கடைசியிலிருந்து நான்காவது இடம்தான், அதற்கு 12.5 சதவீதம். நடைமுறையில் 33 வெற்றி அளவுக்குச் சரிந்திருந்தால், 33-49 என்று முடித்த போர்ட்லண்டோடு ஐந்தாவது இடத்துக்குப் போட்டி போட்டிருப்பார்கள். அதற்கு ஏறத்தாழ பத்து சதவீதம். வெம்பன்யாமாவுக்காகத் தோற்க வேண்டும் என்றால் அந்த முடிவை நவம்பரில் எடுத்திருக்க வேண்டும். ஆனால் அதே போர்ட்லண்ட் லாட்டரியில் ஐந்திலிருந்து மூன்றாவது இடத்துக்குத் தாவியது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் பரிசு கிடைக்காது என்பதற்காக மற்ற பரிசுகள் இல்லை என்று ஆகிவிடாது.

எதிர்க்கட்சியின் வாதம் நினைவுகளிலிருந்து வந்தது, அதை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். 2013 டிசம்பரில் 6-12 என்று இருந்த ராப்டர்ஸ் ரூடி கேயை சாக்ரமென்டோவுக்கு அனுப்பினார்கள். அப்போதும் அணியைக் கலைக்கத்தான் திட்டம். அடுத்து கைல் லௌரியை நியூயார்க்குக்கு அனுப்பும் பேச்சு கிட்டத்தட்ட முடிந்து, நியூயார்க் பின்வாங்கியதால் நின்றது. அந்த அணி 48-34 என்று முடித்து, கிழக்கில் மூன்றாவதாக வந்தது. லௌரி 2019இல் கோப்பையைத் தூக்கினார். இப்படி ஒரு வரலாறு இருக்கும் ஊரில், பிப்ரவரியில் கலைத்துவிடாதே என்று ஒருவர் சொன்னால் அது வெறும் பாசம் இல்லை. தங்கள் கண்முன் நடந்த சான்று அது. அதோடு வான்விளீட் டிராஃப்டில் யாராலும் எடுக்கப்படாமல் 2016இல் இங்கே வந்து, 2019 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் 22 புள்ளி எடுத்தவர். அவரை விற்கச் சொல்ல மனம் வராதவர்களை என்னால் குறை சொல்ல முடியாது.

ஆனால் 2013க்கும் 2023க்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. 2013இல் ஒரு பெரிய ட்ரேட் நடந்தது. பந்தைத் தன்னிடமே வைத்திருந்த கே போனார். பதிலுக்கு கிரெய்விஸ் வாஸ்கேஸ், பாட்ரிக் பாட்டர்சன் போன்ற நான்கு பேர் வந்து மாற்று ஆட்டக்காரர்களின் வரிசையே மாறியது. அணி நிமிர்ந்ததற்கு அந்த மாற்றம்தான் காரணம். பொறுத்திருந்ததற்குக் கிடைத்த பரிசாக அதை நினைவில் வைத்துக்கொள்வது சரியான பாடம் இல்லை.

நடுவில் இன்னொரு குரல் இருந்தது. சியாக்கமையும் பார்ன்ஸையும் வைத்துக்கொண்டு, வான்விளீட்டையும் ட்ரென்டையும் மட்டும் கொடுத்துவிடலாம் என்பது. சத்தம் குறைவான குரல் அது. இன்று பார்க்கும்போது மூன்றிலும் அதுதான் நியாயமானது என்று எனக்குத் தோன்றுகிறது, காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நிர்வாகம் செய்தது

பிப்ரவரி 8 இரவு டொராண்டோவில் சான் அன்டோனியோவோடு ஆட்டம், ராப்டர்ஸ் ஜெயித்தார்கள். மறுநாள் அதே அணியிடமிருந்து போல்டிலை வாங்கினார்கள். 2018இல் லெனார்டுக்காக அனுப்பப்பட்டவர் திரும்பி வந்தார். விலை: கெம் பர்ச், 2024 முதல் சுற்று பிக், இரண்டு இரண்டாம் சுற்று பிக்குகள். அந்த முதல் சுற்று பிக் முதல் ஆறு இடத்துக்குள் விழுந்தால் டொராண்டோவிடமே இருக்கும் என்ற பாதுகாப்போடு கொடுக்கப்பட்டது. வேறு யாரும் போகவில்லை. வான்விளீட், ட்ரென்ட், அனுனோபி, சியாக்கம் எல்லோரும் அப்படியே.

போல்டில் நல்ல வீரர். அணிக்கு இல்லாத செண்டர் அவர்தான். அவர் வந்தபின் ராப்டர்ஸ் 15-11 என்று ஆடினார்கள். வாங்கச் சொன்னவர்கள் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னது சரி என்பதற்கு அந்தக் கணக்கே சாட்சி. மொத்தம் 41-41. கிழக்கில் ஒன்பதாவது இடம்.

ஏப்ரல் 12 அன்று சொந்த அரங்கில் சிகாகோவோடு ப்ளே-இன். 19 புள்ளி முன்னிலை வரை போய், 109-105 என்று தோற்றார்கள். ஃப்ரீ த்ரோவில் 36க்கு 18. எதிரணியில் டிரோசன் இருந்தார். அவருடைய சின்ன மகள் பார்வையாளர் வரிசையிலிருந்து ஒவ்வொரு ஃப்ரீ த்ரோவுக்கும் கத்தியது அன்றைய தலைப்புச் செய்தியாகிவிட்டது. ஆனால் அந்த சீசன் முழுக்க ஷாட் விழாமல் தவித்த ஒரு அணிக்கு அந்த இரவு புதிதாக எதையும் செய்யவில்லை. ஒன்பது நாள் கழித்து நர்ஸ் நீக்கப்பட்டார். அணி சுயநலமாக ஆடியது, பார்க்கவே பிடிக்கவில்லை என்ற பொருளில் உஜிரி வெளிப்படையாகப் பேசினார். அப்படிப்பட்ட அணியை ஏன் பிப்ரவரியில் கலைக்காமல், பிக் கொடுத்துப் பலப்படுத்தினார் என்று எல்லோரும் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது.

பில் வந்த வரிசை

2023 ஜூலை: வான்விளீட் ஹூஸ்டனோடு மூன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 13 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார். ஹூஸ்டனிடம் சம்பள வரம்புக்குள் இடம் இருந்ததால், டொராண்டோவோடு பேச்சுவார்த்தையே தேவைப்படவில்லை. ராப்டர்ஸுக்குக் கிடைத்தது பூஜ்யம். அவருடைய இடத்துக்கு டென்னிஸ் ஷ்ரோடர் வந்தார். அதே கோடையில் போல்டிலோடு நான்கு ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு பிக் கொடுத்து வாங்கியவரை விட்டுவிட முடியாது என்ற கட்டாயம் அதில் இருந்தது.

அடுத்த சீசனின் நடுவிலேயே கலைப்பு தொடங்கியது. 2023 டிசம்பர் 30 அன்று அனுனோபி, பிரெஷஸ் அச்சியுவா, மலக்காய் ஃப்ளின் மூவரும் நியூயார்க்குக்குப் போனார்கள். டொராண்டோவுக்கு இமானுவேல் குயிக்லியும், பக்கத்து மிசிசாகாவில் வளர்ந்த ஆர்ஜே பாரெட்டும், ஒரு இரண்டாம் சுற்று பிக்கும். 2024 ஜனவரி 17 அன்று சியாக்கம் இண்டியானாவுக்கு. பதிலுக்கு புரூஸ் பிரவுன், ஜோர்டன் நோரா, கிரா லூயிஸ் ஜூனியர், மூன்று முதல் சுற்று பிக்குகள்.

பிப்ரவரியில் மறுத்ததைப் பதினோரு மாதத்தில் செய்து முடித்தார்கள், ஒருவரைச் சும்மா இழந்தபின்.

அந்த சீசன் 25-57. கடைசியிலிருந்து ஆறாவது. போல்டிலுக்காகக் கொடுத்த பிக்கைக் காப்பாற்றிக்கொள்ள ஆறாவது இடமே போதும். ஆனால் லாட்டரியில் எட்டாவது இடத்துக்குத் தள்ளப்பட்டு அந்த பிக் சான் அன்டோனியோவுக்குப் போயிற்று. பிளேஆஃபை நெருங்கும் அணி என்று நினைத்துக் கொடுத்த பிக், அணி நொறுங்கிய வருடத்தில் எட்டாவதாக விழுந்தது. சான் அன்டோனியோ அதை வைத்து ராப் டில்லிங்ஹாமை எடுத்து மினசோட்டாவுக்கு அனுப்பி, அந்த அணியின் 2031 முதல் சுற்று பிக்கையும் 2030இல் பிக் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் வாங்கிக்கொண்டது. 2023 லாட்டரியில் வெம்பன்யாமாவும் கிடைத்தது அந்த அணிக்குத்தான்.

யார் எங்கே சரி

அனுனோபி விஷயத்தில் காத்திருந்தது பெரிய நஷ்டம் இல்லை. பல பிக்குகள் என்று பேசப்பட்டதற்குப் பதில், ஆடத் தயாரான இரண்டு இளைஞர்கள் கிடைத்தார்கள். அதில் குயிக்லி நீண்ட கால ஒப்பந்தம் போட்டார். நியூயார்க்கின் பிக்குகள் நல்ல இடத்தில் விழுந்திருக்காது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உஜிரியின் பக்கம் ஓரளவு நியாயம் உண்டு.

சியாக்கம் விஷயத்தில் நஷ்டம் உண்டு, ஆனால் அளவிடுவது கடினம். கிடைத்த மூன்று பிக்குகளில் 2024க்கான இரண்டும் பின்வரிசையில் விழுந்தன. அவர் இண்டியானாவோடு நான்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 19 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு, 2025இல் கிழக்குப் பிரிவு இறுதித் தொடரின் சிறந்த வீரராகி, அணியை என்பிஏ இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை கொண்டுபோனார். டொராண்டோ ரசிகர்கள் அவருக்காகச் சந்தோஷப்பட்டார்கள். வருத்தமும் பட்டார்கள்.

வான்விளீட் விஷயத்தில் மட்டும் எந்தச் சமாதானமும் இல்லை. அவருக்கு அந்தக் கோடையில் பெரிய தொகை கிடைக்கும் என்பது தெரியும். அந்தத் தொகையை டொராண்டோ கொடுக்கத் தயாரா என்பது பிப்ரவரியிலேயே நிர்வாகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். தயார் என்றால் கொடுத்திருக்கலாம். தயார் இல்லை என்றால் 3 மணிக்கு முன் ஒரு பிக்காவது வாங்கியிருக்கலாம். நடுவில் இருந்த குரலை நியாயமானது என்று சொன்னது இதனால்தான். வீரர்களின் தரத்தை வைத்து வாதாடியவர்கள் நடுவே, தேதியை வைத்து வாதாடியது அவர்கள் மட்டும்தான்.

போல்டிலை வாங்கியதும் தனியாகப் பார்த்தால் பிழை இல்லை. வான்விளீட்டும் சியாக்கமும் இருந்து, ஒரு செண்டர் மட்டும் குறைந்திருந்த அணிக்கு அது பொருத்தமான ட்ரேட். அந்த இருவரும் இருப்பார்கள் என்று உறுதி செய்யாமல் அவர்களுக்குத் துணையை வாங்கியதுதான் சிக்கல்.

2025 டெட்லைன்

அந்த ட்ரேட்களின் வால் இன்னும் நீள்கிறது. சியாக்கமுக்குக் கிடைத்த 2024 பிக்குகளில் ஒன்றில் ஜகோபி வால்டர் வந்தார். இன்னொன்று கெல்லி ஒலினிக், ஓச்சாய் அக்பாஜி இருவருக்காக யூட்டாவுக்குப் போயிற்று. 2025 பிப்ரவரி 6, மறுபடி டெட்லைன் நாள். அணி மறுபடி அடிவரிசையில். அன்று ராப்டர்ஸ் பிரவுனையும் ஒலினிக்கையும் இண்டியானாவின் 2026 முதல் சுற்று பிக்கையும் ஒரு இரண்டாம் சுற்று பிக்கையும் நியூ ஆர்லியன்ஸுக்குக் கொடுத்து பிரான்டன் இங்கிராமை வாங்கினார்கள். கொடுத்தவற்றில் பெரும்பகுதி சியாக்கம் ட்ரேடின் மிச்சம்தான்.

இங்கிராமின் ஒப்பந்தமும் அந்தக் கோடையில் முடிவதாக இருந்தது. கணுக்கால் காயத்தில் இருந்தார், அந்த சீசனில் டொராண்டோவுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆனால் இந்த முறை கோடைவரை காத்திருக்கவில்லை. வாங்கிய சில நாட்களிலேயே மூன்று ஆண்டுக்கு 12 கோடி டாலர் நீட்டிப்பில் கையெழுத்து ஆகிவிட்டது. அந்தத் தொகை அதிகம் என்று வாதாடுபவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதில் விஷயமும் உண்டு. 2023இல் வான்விளீட்டிடம் கேட்காமல் விட்ட கேள்வியை இங்கிராமிடம் முதல் வாரத்திலேயே கேட்டு பதிலும் வாங்கினார்கள் என்பது மட்டும் உறுதி.